ஆம்பிவலன்ட் என்றாள் மகள்

மாஸ்டரம்மாவுக்கு இரண்டு மனசு என்பதே கிடையாது என்று அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். துணியை மேஜையில் விரிப்பாள், அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொள்வாள், சாக்பீஸால் நாலு கோடு இழுப்பாள், கத்தரியை வைத்தாளானால் அது மறுமுனையில் போய்த்தான் நிற்கும். கொஞ்சம் யோசித்து வெட்டுங்கள், நல்ல துணி என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் அன்றைக்கு அவர்களுக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம். துணியை மடித்து அவர்கள் கையிலேயே திணித்து, யோசிக்கிறவர்களுக்கு வேறு கடை இருக்கிறது என்று வாசலைக் காட்டிவிடுவாள். அவர்களும் மாடிப்படி இறங்கிப் போய், கீழே செருப்புக்கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, மறுபடி ஏறி வருவார்கள். கோட்டு தைக்க அவளை விட்டால் அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. அது அவளுக்கும் நன்றாகத் தெரியும்.

அப்படிப்பட்டவளை ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை ஆட்டிப் படைத்துவிட்டது என்றால் நம்புவீர்களா? நானும் நம்பியிருக்க மாட்டேன்.

கடை மாடியில் இருந்தது. படியேறியதும் நீளமாக ஒரு நடை. இந்தப் பக்கம் இவளுடைய தையல் கடை, எதிர்ப்பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை. தையல் கடையில் வெட்டுவது இவள், மெஷினில் உட்காருவது இவளுடைய கூட்டாளி. கூட்டாளிக்குப் பட்டன் என்று பெயர் வந்தது எப்படி என்று யாருக்கும் ஞாபகமில்லை. ஆள் குட்டையாக, உருண்டையாக இருப்பாள் என்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல முடியாது. பட்டனுக்கு வாய் ஓயாது, மெஷினும் ஓயாது. இரண்டில் எது முதலில் நிற்கும் என்று மாஸ்டரம்மா பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கண்ணாடிக்கடைக்காரர் அமைதியான மனிதர். மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம், பிள்ளை குட்டி இல்லை. எதையும் இரண்டு தடவை கேட்பார், தொழில் அப்படி. ‘இது நல்லாத் தெரியுதா, இல்ல இதுவா?’ என்று நாளெல்லாம் கேட்கிறவருக்கு வேறு எப்படிப் பேச வரும்? ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று மாஸ்டரம்மா ஒரு நாள் மத்தியானம் அவர் கடைக்குப் போய் உட்கார்ந்தாள். அவர் அந்தச் சோதனைக் கண்ணாடியை, இரும்பில் செய்தது போல் கனக்கும் வட்டச் சட்டத்தை, அவள் மூக்கில் மாட்டிவிட்டார். ஒரு கண்ணை மறைத்தார். ஒரு லென்ஸைப் போட்டார், எடுத்தார், இன்னொன்றைப் போட்டார். அவள் சுவரிலிருந்த எழுத்துகளை வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தாள். கடைசி வரிக்கு வந்தபோது அவர் லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டார்.

“மாஸ்டர், தனியா உக்காந்து சாப்பிடறது எனக்குச் சலிச்சுப் போச்சு. உங்களுக்கு எப்படின்னு தெரியல. நாம சேர்ந்து இருக்கலாமான்னு கேக்கறேன். கல்யாணம்தான் சொல்றேன்.”

மூக்கில் அந்த இரும்புச் சட்டம். ஒரு கண் அடைப்பு. மறு கண்ணுக்குத் தப்பான லென்ஸ். அவர் முகம் எங்கே இருக்கிறதென்றே அவளுக்குத் தெரியவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் இந்த விஷயத்தைக் கேட்கிற மனிதரை என்ன செய்வது? முகம் சூடாகிக் காது வரைக்கும் ஏறியது. முடியாது என்று வாய் வரைக்கும் வந்தது. அதே சமயம் எழுந்து வரவும் மனசில்லை. கடைசியில், பாப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள். அவரும் அதற்குமேல் நெருக்கவில்லை. அவர் குடியிருக்கும் வீட்டை வீட்டுக்காரர் திரும்பக் கேட்கிறார், மாசக் கடைசிக்குள் வேறு இடம் பார்க்க வேண்டும், ஒரு ஆளுக்கா இரண்டு பேருக்கா என்று தெரிந்தால் போதும் என்று மட்டும் சொன்னார்.

பாப்பா என்றால் மகள். வேலைக்குப் போகிற பெண்ணை இன்னமும் பாப்பா என்று கூப்பிடுகிறவள்தான் இவள். மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம் கணவன் காய்ச்சலில் படுத்து எழுந்திருக்கவேயில்லை. அன்றிலிருந்து மகள் வளர்ந்தது முழுக்க அந்த வெட்டு மேஜையின் ஓரத்தில்தான். துண்டுத் துணியில் படம் வரைந்து, துண்டுத் துணியில் மூக்குத் துடைத்து, மேஜைக்கு அடியிலேயே தூங்கி வளர்ந்தவள். இப்போது பஸ்ஸில் பாதி நாள் போக வேண்டிய ஊரில், பெரிய கம்பெனி ஒன்றில் வேலை. நல்ல பெண். ஒரே ஒரு பழக்கம்தான். சாதாரணமாகத் தமிழில் வாயாடுகிறவள், கனமான விஷயம் வந்துவிட்டால் சட்டென்று இங்கிலீஷுக்குத் தாவிவிடுவாள். பரீட்சையில் தோற்றபோதும் அப்படித்தான், காதலித்த பையன் விட்டுப் போனபோதும் அப்படித்தான். தாய் என்ன செய்வாள் பாவம். முகத்தைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வாள், மீதியை ஊகித்துக்கொள்வாள். எனக்கா என் மகள் பேசுவது புரியாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்ளவும் செய்வாள்.

விஷயத்தைப் போனில்தான் சொன்னாள். போனில் முகம் ஏது? சுற்றிச் சுற்றி வந்தாள். செருப்புக்கடையில் வெள்ளையடிக்கிறார்கள் என்றாள், பட்டனுக்குக் கால் வலி என்றாள், கடைசியில் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். போகவில்லை.

“ஐ ஃபீல் ஆம்பிவலன்ட்மா” என்றாள் மகள். “மீட்டிங் இருக்கு. அப்புறம் பேசறேன்.”

சரி சரி என்று எல்லாம் புரிந்த மாதிரி சொல்லிப் போனை வைத்துவிட்டாள் தாய். அங்கேதான் மாட்டிக்கொண்டாள். சரி என்று சொன்னபின் மறுபடி கூப்பிட்டு, நீ சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பதெப்படி? வேறு எந்த விஷயமாக இருந்தாலும் கேட்டிருப்பாள். இதில் கேட்க நாக்கு கூசியது. கல்யாணத்துக்கு இந்த அம்மாவுக்கு அப்படி என்ன அவசரம் என்று மகள் நினைத்துவிட்டால்?

செல்போனில் தேடினாள். அதற்கு ஒன்றும் குறைச்சலில்லை, உடனே காட்டியது. ‘ஒன்றின் மீதே விருப்பும் வெறுப்பும் ஒருசேரக் கொண்ட’ என்று தமிழில் அர்த்தம் போட்டிருந்தது. மாஸ்டரம்மா முழுசாகத்தான் படித்தாள். ஆனால் கண்ணில் நின்றது ஒரே சொல். வெறுப்பு. விருப்பு என்று முதலில் இருந்ததெல்லாம் எங்கேயோ பறந்து போய்விட்டது. பெற்று வளர்த்த மகள் தன்னை வெறுக்கிறாள். அன்று சாயங்காலம் கடையைக் கூட்டினாள், கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினாள். பட்டன் டப்பாக்களையெல்லாம் கொட்டி நிறம் வாரியாகப் பிரித்தாள். கூட்டாளி வாயைத் திறந்தபோது, உன் வேலையைப் பார் என்று எரிந்து விழுந்தாள். உட்கார்ந்தால் நிற்கத் தோன்றியது, நின்றால் நடக்கத் தோன்றியது, நடைக்கு வந்தால் எதிரே கண்ணாடிக்கடை. இருப்புக் கொள்ளவில்லை என்பார்களே, அதுதான்.

ஒரு வார்த்தையைப் போனில் படித்தால் போதுமா, மனுஷர்கள் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டால்தானே தெரியும் என்று அவளே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். பேன்ட்டின் இடுப்பைத் தளர்த்தித் தரச் சொல்லி பேங்க் மேனேஜர் வந்திருந்தார். நாடாவை அவர் இடுப்பில் சுற்றிக்கொண்டே, யாரோ ஒரு வாடிக்கைக்காரி இப்படி ஒரு வார்த்தை சொன்னாள், அப்படியென்றால் என்ன சார் என்று பேச்சுவாக்கில் கேட்பது போலக் கேட்டாள். மேனேஜருக்கு யாராவது எதையாவது கேட்டால் ஆனந்தம். அது ரொம்பச் சுலபம், எப்படிப் போனாலும் எனக்கு ஒன்றுதான் என்று அர்த்தம், வீட்டில் எந்த நிறத்தில் திரை வாங்கலாம் என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன் என்றார்.

நாடா ஒரு இழுப்பு இழுத்தது. மேனேஜர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

எப்படிப் போனாலும் ஒன்றுதானாம். திரைத்துணியும் தாயும் ஒன்றாம். வெறுப்பாவது பரவாயில்லை, வெறுக்கிறவளுக்கு ஏதோ ஒரு அக்கறை இருக்கிறது. இது அதைவிட மோசம் இல்லையா? அந்த எரிச்சலோடேயே நடையைத் தாண்டி எதிர்க்கடைக்குள் நுழைந்தாள். கண்ணாடிக்கடைக்காரர் ஒரு சட்டத்தின் கால்களை நிமிர்த்திக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கே வீடு பாருங்கள் என்று சண்டைக்குப் போகிறவள் மாதிரி சொன்னாள். அவருக்குச் சந்தோஷத்தில் கையிலிருந்த திருகாணி விழுந்து உருண்டது. குனிந்து தேடிக்கொண்டே, பாப்பா சம்மதித்துவிட்டாளா என்று கேட்டார். அவளுக்கென்ன வந்தது என்று சொல்லிவிட்டு இவள் திரும்பிவிட்டாள். ஒரு பெண் சம்மதம் சொன்னது போலவா இருந்தது அது? கடன்காரனுக்குப் பதில் சொன்னது போல இருந்தது.

அந்த வேகம் மறுநாள் வரைக்கும்தான் தாங்கியது. ஒரு கம்பெனியில் ஆட்களை வேலைக்கு எடுக்கிற அதிகாரியம்மா கட்டம் போட்ட கம்பளித் துணியோடு வந்தாள். வெளியூரில் பெரிய கூட்டமாம், அதற்குக் கோட்டு வேண்டுமாம். அளவெடுக்கும்போது மாஸ்டரம்மாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அதே வாடிக்கைக்காரி கதையைச் சொல்லி அதே வார்த்தையைக் கேட்டாள். அதிகாரியம்மா சிரித்தாள். எங்கள் ஆபீஸில் யாருமே முடியாது என்று நேராகச் சொல்ல மாட்டார்கள், இந்த மாதிரி ஒரு வார்த்தையைப் போட்டு மழுப்புவார்கள், வேண்டாம் என்பதைத்தான் மனசு நோகாமல் அப்படிச் சொல்வது என்றாள்.

வேண்டாம்.

இதைக் கேட்டதும் மாஸ்டரம்மாவுக்கு என்ன ஆகியிருக்க வேண்டும்? நெஞ்சு உடைந்திருக்க வேண்டும். உடையவில்லை. தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி ஒரு நிம்மதி வந்தது. அப்பாடா, இனி யாரும் எதையும் மாற்ற வேண்டாம், தன் சமையலறை தன் சமையலறையாகவே இருக்கும், இந்த வயதில் இன்னொருவர் குறட்டையைக் கேட்டுப் பழக வேண்டாம். அந்த நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அதற்குள் மத்தியானம் தனியாகச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கும் மனிதரின் முகம் ஞாபகம் வந்தது. நாடா கை தவறி நழுவியது பாருங்கள், அதிகாரியம்மாவின் தோள் அளவை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

சாயங்காலம் மறுபடி எதிர்க்கடை. கொஞ்சம் பொறுங்கள், வீட்டுக்கு இப்போதே சொல்லிவிடாதீர்கள் என்றாள். அவர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கண்ணாடியைத் துடைக்கிற துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்து வைத்திருந்ததையே துடைத்தார். மாசக் கடைசிக்கு அதிக நாள் இல்லை, பரவாயில்லை, ஆனால் நேற்று ஒன்று இன்று ஒன்று என்றால் நான் எதை எடுத்துக்கொள்வது என்று மட்டும் கேட்டார். கோபம் இல்லாத குரல். கோபித்திருந்தால் இவளும் பதிலுக்குக் கத்திவிட்டு நிம்மதியாகப் போயிருப்பாள். அந்த மனிதர் அதற்கும் வழி வைக்கவில்லை.

இந்த லட்சணத்தில்தான் அவள் அந்தக் கோட்டை வெட்ட உட்கார்ந்தாள். கட்டம் போட்ட துணி என்றால் சும்மா இல்லை. சாதாரணத் துணியை இரண்டாக மடித்துப் போட்டு ஒரே வெட்டில் இடப்பக்கமும் வலப்பக்கமும் எடுத்துவிடலாம். கட்டத்தில் அது நடக்காது, கோடுகள் ஒன்றோடொன்று சேர வேண்டும். அதனால் துணியை ஒற்றையாக விரித்து, அட்டையில் வெட்டிய மாதிரி வடிவத்தை வைத்து ஒரு முன்பக்கம் வெட்டிக்கொண்டு, பிறகு அட்டையைக் கவிழ்த்துப் போட்டு மறு முன்பக்கம் வெட்ட வேண்டும். கவிழ்க்க மறந்தால் தீர்ந்தது கதை. வேலை பழகுகிறவர்கள் செய்கிற தப்பு அது. செய்துவிட்டு அழுவார்கள், மாஸ்டர் தலையில் குட்டுவார், அதற்குப்பின் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள்.

மாஸ்டரம்மா மறந்தாள். கத்தரி வழக்கம்போல மறுமுனையில் போய்த்தான் நின்றது. கட்டங்கள் கச்சிதமாகச் சேர்ந்திருந்தன. துண்டுகளைப் பட்டனிடம் போட்டுவிட்டு ஜன்னலுக்குப் போய் நின்றுகொண்டாள். மெஷின் ஓடத் தொடங்கியது, நின்றது. பேச்சும் நின்றது. இரண்டும் ஒரே நேரத்தில் நின்று அந்தக் கடையில் யாரும் கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தால், பட்டன் இரண்டு கையிலும் இரண்டு துண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டும் இடப்பக்கம்.

“உனக்கு என்னக்கா ஆச்சு?” என்றாள் பட்டன். கேலி இல்லாமல் அவள் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

அப்புறம் என்ன, எல்லாம் கொட்டிவிட்டது. கண்ணாடிக்கடைக்காரர், மாசக் கடைசி, அந்த வார்த்தை, வெறுப்பு, மேனேஜர், அதிகாரியம்மா எல்லாம். பட்டன் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு போனை எடுத்துத் துணிக்கடையைக் கூப்பிட்டு, அதே கட்டம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டு, எடுத்து வைக்கச் சொன்னாள். அந்தக் காரியத்தை முடித்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் திரும்பினாள். ஊரில் போகிறவன் வருகிறவனையெல்லாம் பிடித்துக் கேட்டாயே, சொன்னவளைக் கேட்டாயா என்றாள். மாஸ்டரம்மா இரண்டு இடப்பக்கத்தையும் சுருட்டி மேஜைக்கு அடியில் தள்ளினாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். போனில் கேட்டால் மறுபடி ஒரு இங்கிலீஷ் வரும், மறுபடி மீட்டிங் வரும், முகத்தைப் பார்த்தால்தான் ஆகும் என்று தீர்மானம். பஸ்ஸில் உட்கார்ந்திருந்ததுதான் பெயர், மனசு முன்னாலும் பின்னாலும் ஓடிக்கொண்டிருந்தது. வெறுப்பு என்றால் இப்படிச் சொல்லலாம், அக்கறை இல்லை என்றால் அப்படிச் சொல்லலாம், வேண்டாம் என்றால் சரி என்று எழுந்து வந்துவிடலாம். எதற்கும் ஒரு பதிலைத் தயார் செய்தாள். பக்கத்து சீட்டுப் பெண் இரண்டு தடவை தள்ளி உட்கார்ந்தாள். இவள் உதடு அசைந்துகொண்டே இருந்ததுதான் காரணம்.

மகளின் ஆபீஸ் கண்ணாடியும் குளிருமாக இருந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த பெண் உள்ளே சொல்லி அனுப்பினாள். மகள் ஓடி வந்தாள். அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து வந்தவள், அம்மா முழுசாக நிற்பதைப் பார்த்ததும் கோபப்பட்டாள். பிறகு மாடிப்படிக்குப் பக்கத்தில், தண்ணீர் பிடிக்கிற இடத்தில், ஒரு நீளப் பலகையில் உட்கார வைத்தாள். உள்ளே இடமில்லையா என்றால், உள்ளே எல்லோருக்கும் காது உண்டு.

தயார் செய்த பேச்செல்லாம் காற்றோடு போய்விட்டது.

“நீ சொன்னியே ஒரு வார்த்தை, அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியலடி” என்றாள் தாய். அதைச் சொல்வதற்காகவா இவ்வளவு தூரம் வந்தாய் என்று மகள் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் தன் கழுத்தில் தொங்கிய ஆபீஸ் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எனக்குச் சந்தோஷமா இருக்கும்மா. அவர் நல்லவர், உன்ன நல்லாப் பாத்துப்பார், தெரியும். அதே சமயம் நான் வந்து நிக்கறப்ப கதவ வேற ஒருத்தர் உள்ளேருந்து திறக்கறத நெனச்சா எனக்கு ஆத்திரமா வருது. அப்பா முகம்கூட எனக்குச் சரியா ஞாபகமில்ல, ஆனாலும் வருது. பாதி அது, பாதி இதுன்னு இல்ல. அதுவும் முழுசா இருக்கு, இதுவும் முழுசா இருக்கு. அதுக்குத்தான் அந்த வார்த்தை.”

அப்படியானால் எப்படிப் போனாலும் ஒன்றுதான் என்கிறார்களே என்று தாய் கேட்டாள். வேண்டாம் என்பதை நாசூக்காகச் சொல்வது என்கிறார்களே என்று அதையும் கேட்டாள். நிறையப் பேர் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள் என்றாள் மகள். அக்கறை இல்லாதவனுக்கு இந்த வார்த்தை பொருந்தாது, ரெண்டு பக்கமும் அக்கறை இருந்து மாட்டிக்கொண்டவனுக்குத்தான் பொருந்தும் என்றாள்.

“இதத் தமிழ்லயே சொல்லித் தொலச்சிருக்கலாம்ல?”

“தமிழ்ல சொன்னா அழுதிருப்பேன்.”

சொன்னவளின் மூக்கு சிவந்திருந்தது. வெறுப்பு இல்லை. வேண்டாம் என்பதும் இல்லை. இத்தனை நாள் நிலைகொள்ளாமல் அலைந்ததெல்லாம் வீண் என்று தாய்க்குத் தோன்றியது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். சரி, அந்த ஆத்திரம் எப்போது குறையும், அது குறையும் வரைக்கும் அவரைப் பொறுத்திருக்கச் சொல்கிறேன் என்றாள். குறையாமலே போகலாம் என்றாள் மகள். அப்படியென்றால் நான் என்னதான் செய்யட்டும், நீ ஒன்று சொல்லிவிடு, வேண்டும் என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி, உன் பேச்சை மீற மாட்டேன் என்றாள் தாய். தாய் என்ற முறையில் இதைவிடப் பெரிதாக எதையும் விட்டுக்கொடுக்க முடியாது என்றுதான் அவள் நினைத்தாள்.

மகள் கையை உருவிக்கொண்டாள்.

“அத மட்டும் என்கிட்டக் கேக்காதம்மா. அளவெடுக்க வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் ‘இவளுக்காகத்தான் இப்படியே இருந்துட்டேன்’னு சொல்வ. நான் அந்த மேஜை ஓரத்துல உக்காந்து கேட்டுட்டே இருப்பேன். ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல. நான் ஏன் பொறந்தேன்னு இருக்கும். இப்ப கல்யாணம் பண்ணிக்கிட்டாலும் எனக்காக, பண்ணிக்கலன்னாலும் எனக்காகவா? இதயும் என் தலையில வைக்காத.”

இதற்கு எந்தப் பதிலையும் பஸ்ஸில் தயார் செய்திருக்கவில்லை. அப்படியா சொன்னேன் என்று கேட்க வாயெடுத்தாள், கேட்கவில்லை. சொன்னாள்தான். நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மகளின் தலையைத் தடவிக்கொண்டு, எத்தனையோ பேரிடம் சொன்னாள். கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள், அது இவளுக்குப் பிடித்திருந்தது. அதைப் பாசம் என்று நினைத்திருந்தாள். கீழே மேஜை ஓரத்தில் உட்கார்ந்திருந்த குழந்தைக்கு அது என்னவாக இருந்தது என்று ஒருநாளும் குனிந்து பார்க்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது, எழுந்திருக்கவும் முடியவில்லை.

தண்ணீர் பிடிக்க ஒருவர் வந்தார், பாட்டிலை நிரப்பிக்கொண்டு போனார்.

“உனக்கு எப்படிம்மா இருக்கு?” என்று மகள் கேட்டாள். “என்ன விடு. உனக்கு.”

கண்ணாடிக்கடைக்காரர்கூட இப்படிக் கேட்கவில்லை. மாஸ்டரம்மா எதிர்ச் சுவரைப் பார்த்தாள். நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டாய் என்று ஒருத்தி சொன்னபோது அப்பாடா என்றிருந்தது என்று மெதுவாகச் சொன்னாள். அடுத்த நிமிஷமே அவர் முகத்தை நினைத்து அழுகை வந்தது என்றாள். பயமாக இருக்கிறது என்றாள். வேண்டும் என்றும் இருக்கிறது என்றாள். இதைச் சொல்லும்போது மகளைப் பார்க்கவில்லை, கல்யாண வயதுப் பெண்ணிடம் தாய் இப்படியெல்லாம் பேசுவதா என்று கூச்சம். மகள் சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை, தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, எனக்கு மத்தியானம் வேலை இருக்கிறது, நீ சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஏற்றிவிட்டாள். வழியெல்லாம் வேறு எதையோதான் பேசினார்கள்.

பஸ் கிளம்பி ஊரைத் தாண்டும் வரைக்கும் பொறுக்கமாட்டாமல் போனை எடுத்தாள். எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். மணி அடித்துக்கொண்டேயிருந்தது. யாருக்கோ கண் பார்த்துக்கொண்டிருக்கிறார் போல. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது எடுத்தார். குரலைக் கேட்டதும் அவர் முதலில் கேட்டது, பாப்பா என்ன சொன்னாள் என்றுதான்.

“அவ ஒண்ணும் சொல்லல. அவகிட்ட நான் இனிமே கேக்கவும் மாட்டேன். நான்தான் சொல்றேன். ரெண்டு பேருக்கு வீடு பாருங்க.”

அவர் வழக்கப்படி இரண்டாம் தடவை கேட்டார். நேற்றுப் பொறுக்கச் சொன்னீர்களே, உங்களுக்குப் பயமாக இருக்கிறது போல, நிதானமாக யோசித்துக்கொள்ளுங்கள், பயமெல்லாம் போனபின் சொன்னால் போதும், வீட்டுக்காரரிடம் நான் கெஞ்சிப் பார்க்கிறேன் என்றார். நல்ல மனுஷன்.

பஸ் குலுங்கியது. மாஸ்டரம்மா முன் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“அது போகாதுங்க. அதோடதான் வருவேன்.”